என் மகளின் கன்னத்துக்கு நான் எடுத்த ஷேடு

போன வருஷம் ஆடி மாசம், ஆம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்த விஷயம் இது. பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. என் மகள்தான் இந்தப் பத்திரிகையை வாங்குவாள், அவள் படித்து முடித்ததும் நான் எடுத்துப் படிப்பேன். அவளிடம் கேட்டேன். "எழுது பா, ஆனா என் பேரைப் போட்டுடாத" என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறேன். பதப்படுத்திச் சாயம் ஏற்றி வந்த ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கீறல் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, வெள்ளிநிறப் பேனாவால் வட்டம் போட்டுவிட வேண்டும். கட்டிங் செய்கிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். அப்புறம் ஷேடு பார்க்க வேண்டும். வலது கால் ஷூ ஒரு பிரவுன், இடது கால் ஷூ வேறு பிரவுன் என்று இருந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் தோலை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில், வாங்குகிறவர்கள் மாதிரிக்குக் கொடுத்த சின்னத் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்பேன். ஒத்துப் போனால் நல்லது. இல்லையென்றால் கழித்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. கம்பெனியில் யாருக்காவது ஷேடில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. "பெரியவள் ஆனால் நான்" என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இப்போது யார் கையால் வரைகிறார்கள்? போனில் ஒரு ஏஐ ஆப் இருந்தது. நம் போட்டோவை அதில் கொடுத்து 'டாக்டர்' என்று சொன்னால் போதும். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் எல்லாம் மாட்டி அரை நிமிஷத்தில் படம் வந்துவிடும்.

என் மகளுக்கு என் நிறம். நல்ல கறுப்பு. கொஞ்சம் அகலமான மூக்கு. இடது புருவத்தில் ஒரு தழும்பு, நாலு வயதில் என் வண்டியிலிருந்து விழுந்து வாங்கியது. போனில் வந்த படத்திலோ பால்போல வெளுத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான மூக்கு. தழும்பு இல்லை.

"பா, இது நானா?" என்று போனை நீட்டினாள்.

"நீதான் கண்ணு! சூப்பரா கீது. எவ்ளோ கலரா வந்துகீற பாரு!" என்றேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் பஜாருக்குப் போய் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, டிவிக்கு மேலே மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு, டாக்டரு" என்று காட்டினேன். என் மனைவியும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். அவள் வந்து பார்த்துவிட்டு, "யாரு இது, விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி கீது" என்றாள். நான் சிரித்துக்கொண்டேன். பொறாமை என்றுகூடக் கிண்டல் செய்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்னதாகச் சில மாற்றங்கள். ஞாயிற்றுக்கிழமை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்ற ஆசைப்படுகிறவள், "வெயிலு பா, நான் வரல" என்று நின்றுகொண்டாள். பத்து நாளில் பவுடர் டப்பா காலி. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று பள்ளிக்கூடம் போனாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கும்போது பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வளர்கிற பெண், வெட்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பா, உனக்கு அந்தப் பொண்ணத்தான ஜாஸ்தி புடிக்கும்?"

"எந்தப் பொண்ணு மா?"

தாடையால் சுவரைக் காட்டினாள்.

"அட, அது நீதான?"

"நான் இல்ல பா. உனக்கே தெரியும்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவி அடுத்த தோசையை என் தட்டில் போட்டபடி, "கம்பெனியில பத்து தோல்ல பதினஞ்சு கொறை கண்டுபுடிப்பாரு. வீட்ல பெத்த பொண்ணு மூஞ்சியே மாறிக்கீது, அது தெரியல" என்றாள்.

மறுநாள் காலையில் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, "எதுக்கு பா கழட்டின? உனக்குப் புடிச்சதுதான, இருக்கட்டும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நீதான் அழகு என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்வாங்க பா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். சொல்லிச் சரிப்படுத்த முடியாத ஒன்றைச் செய்துவிட்டேன் என்று புரிந்தது. எப்படிச் சரி செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். எங்கள் சூப்பர்வைசர் ஒரு பெண்ணை என் மேஜைக்கு அழைத்து வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் சாயம். ஓவியர், கொஞ்ச நாளாக ஆம்பூரில் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார், கழித்துப் போட்ட தோல் துண்டுகள் வேண்டுமாம் என்றார்.

"நல்ல பீஸே இருக்குது மா. கழிச்சதைப் போய்க் கேக்குறியே?" என்றார் சூப்பர்வைசர்.

"கழிச்சதுதான் சார் வேணும். எத்தனை பிரவுன் இருக்கோ அத்தனையும்."

பர்ஸ், சாவிக்கொத்து செய்யப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டதற்கு, அவர் தன் போனில் வரிசையாகப் படங்களைக் காட்டினார். ஏஐ ஆப்பிடம் "ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அப்பா" என்று கேட்டிருக்கிறார். அது ரோட்டோரம் கூன் விழுந்து உட்கார்ந்து செருப்பு தைக்கும் ஒரு கிழவரைக் காட்டியது. அவர் செய்வதும் நல்ல தொழில்தான். ஆனால் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே நின்று வேலை பார்க்கிற நானோ என் கூட்டாளிகளோ அதில் ஒரு படத்தில்கூட இல்லை. சிரிப்பு வந்தது. அடுத்து "அழகான பெண் குழந்தை" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிய படங்களைத் தள்ளிக் காட்டினார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம், இந்தப் பொண்ணு எங்க வீட்ல கீது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தோசை சாப்பிடும்போது மகள் கேட்டதையும் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் ஏன் சொன்னேனோ தெரியாது.

கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்க ஒரு ஷேடை சரி, தப்புன்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்றார்.

"மாதிரின்னு ஒரு துண்டு குடுத்திருப்பாங்க. அதுக்கு ஒத்து வந்தா சரி. இல்லன்னா ரிஜெக்ட்."

"அந்த ஆப்பும் அப்படித்தாண்ணா. மாதிரின்னு அதுக்குக் காட்டின படங்கள்ல உங்க பொண்ணு மாதிரி மூஞ்சி ரொம்ப கம்மி."

பிள்ளைகளே, ஏஐ என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் பிடிபட்டது. அதற்கு நம்மேல் கோபமோ வஞ்சமோ கிடையாது. மனிதர்கள் எதை அழகு என்று ஜாஸ்தியாகப் போட்டு வைத்தார்களோ, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரும்படி திருத்துகிறது.

அந்த ஓவியர் வேலூரில் ஒரு பழைய ஹாலில் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். ஒரு சுவரில் ஆப் கொடுத்த படங்கள். எதிர்ச் சுவரில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் முகங்கள், தோல் துண்டுகளால் தைத்தவை. அதில் அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பிள்ளையின் நிறத்துக்குத் தோலை அவர் எடுக்க மாட்டார், பெற்றவர்கள்தான் எடுத்துத் தர வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இது என் வேலை ஆயிற்றே! மகளுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா? "என் பொண்ணு கலரு எனக்குத் தெரியாதா மேடம்? கரெக்டா எடுத்துத் தர்றேன், பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், சாப்பிடக்கூடப் போகாமல், கழித்த துண்டுகளைக் கிளறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, மகளின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்தேன். துளி சந்தேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு ஓவியர் வீட்டு மாடிக்குப் போனேன். "நீ கூப்டியேன்னு வர்றேன்" என்று பவுடர் பூசிக்கொண்டுதான் வந்தாள். நான் பையிலிருந்து துண்டை எடுத்துப் பெருமையாக நீட்டினேன். ஓவியர் அதைப் பார்த்தார். மகளிடம் கொடுத்து, "உள்ளங்கையை விட்டுட்டு, இந்தக் கையோட மேல்பக்கம் வெச்சுப் பாரு மா" என்றார்.

வைத்தாள். நல்ல பகல் வெளிச்சம். நான் எடுத்த துண்டு அவள் நிறத்தைவிட மூன்று ஷேடு வெளுப்பாக இருந்தது.

கம்பெனியில் யாராவது இப்படி ஒரு துண்டை சரி என்று அனுப்பியிருந்தால், "கண்ணு தெரியலையா?" என்று திட்டியிருப்பேன். மகள் தன் கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல பா" என்றாள்.

அந்தப் "பரவால்ல" எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வெளிச்சத்தின் மேல் பழி போட முடியாது. ஜன்னல் பக்கம் வைத்துத்தான் எடுத்தேன். கண்ணிலும் கோளாறு இல்லை. என் மனதில் நான் வைத்திருந்த மகள்தான் வேறு. பன்னிரண்டு வருஷமாகப் பாசத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கே தெரியாமல் அவளை வெளுக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஆப் அரை நிமிஷத்தில் செய்ததை நான் நிதானமாகச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"தப்பா எடுத்துட்டேன் மா" என்றேன். "அப்பாவ இன்னொரு தபா பார்க்க விடு."

அவள் தானாகவே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஓவியர் ஒரு கோணிப்பை நிறையத் தோல் துண்டுகளைத் தரையில் கொட்டினார். மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, நான் முன்னால் மண்டி போட்டேன்.

"இரு, காயட்டும். ஈரத்துல ஷேடு தப்பாக் காட்டும்" என்றேன்.

"நான் இன்னா தோலா பா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தாள்.

ஒரு துண்டு போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கன்னத்தில் ஒத்துப்போனது நெற்றியில் ஒத்துப் போகவில்லை. கன்ன மேட்டில் செம்பு நிறம் ஓடியது. மூக்கின் பக்கவாட்டில் அடர்த்தி ஜாஸ்தி. கண்ணுக்குக் கீழே லேசாக ஊதா கலந்த கறுப்பு. தாடை வேறு. ஒரே தோலில் இத்தனை வித்தியாசம் இருந்தால் கம்பெனியில் கழித்துவிடுவேன். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டாகத் தேடினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் இறங்கிவிட்டாள். "அது இல்ல பா, இது. மூக்குக்கு இதான்" என்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள். பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அவள் முகத்தை அப்படிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

புருவத்துக்கு, முள் கீறிய துண்டு ஒன்று கிடைத்தது. கீறலைச் சுற்றி வெள்ளி வட்டம். என் மேஜையில் நானே போட்டு, நானே கழித்தது.

"அந்த வட்டத்த அழிச்சுடு பா" என்றாள் மகள். "அது ஒண்ணும் கொறை இல்ல. நான் உன் வண்டியில இருந்து வுழுந்தது."

துடைத்தால் போய்விடும் பேனாதான். கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன். ஓவியர் அந்தப் பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இருந்தார்.

முடிக்கும்போது மொத்தம் ஏழு துண்டு. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள், "பா, என்னுது ரொம்ப கஷ்டமான மூஞ்சியா?"

"ஆமா மா. பதினெட்டு வருஷத்துல இவ்ளோ கஷ்டமான ஷேடு நான் பார்த்ததே இல்ல" என்றேன்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். சுள்ளென்ற வெயில். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்காட்சிக்கு மூவரும் பஸ் ஏறி வேலூர் போனோம். எங்கள் வீட்டு லேமினேட் படத்தை மகளே ஓவியரிடம் கொடுத்திருந்தாள். உள்ளே போனதும், ஆப் படங்கள் மாட்டியிருந்த சுவரில் அதைத் தேடினேன். டாக்டர், வக்கீல், டீச்சர், விமானி. உடுப்புதான் வேறு, முகம் ஒன்றே. அதிலும் டாக்டர் கோட்டோடு ஏழெட்டு இருந்தன. எது எங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை. "எதும்மா நீ?" என்று மகளைக் கேட்டோம். "நானும்தான் பா தேடறேன்" என்றாள். மூவரும் அங்கேயே நின்று சிரித்தோம்.

எதிர்ச் சுவரில் தேட வேண்டிய வேலையே இல்லை. அத்தனை முகங்களுக்கு நடுவில் என் மகளை உடனே பார்த்துவிட்டேன்.

நடுவில் ஒரு போனை வைத்திருந்தார்கள். அதில் அந்த ஆப். தோலில் தைத்த முகத்துக்கு நேரே பிடித்தால் அதையும் 'அழகாக்கி'க் காட்டும். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பிடித்தார்கள். எந்த முகத்துக்கு நேரே பிடித்தாலும் கடைசியில் அந்த வெளுத்த பெண்தான் வந்து நின்றாள். "ஐயே, மறுபடியும் அதே அக்கா!" என்று ஒரு வாண்டு கத்தியது. ஹாலே சிரித்தது. இத்தனை நாள் என் மகளை ஒளிய வைத்த படத்தைப் பிள்ளைகள் சிரித்தே சின்னதாக்கிவிட்டார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பேன்ட் சட்டை போட்ட ஒரு பெரியவர் என் மகளின் முகத்துக்கு முன்னால் நின்று, "இது இன்னா ஓவியம், ஒட்டுப் போட்ட மாதிரி?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"அது நான்தான் சார்" என்றாள். சொல்லிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பவுடர் இல்லை. தாடையைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவள் அங்கிருந்து நகரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் எது நெற்றித் துண்டு, எது மூக்குத் துண்டு என்று காட்டிக்கொண்டிருந்தாள். "முதல்ல எங்கப்பா தப்பா எடுத்துட்டாரு" என்பதையும் மறக்காமல் சொன்னாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த ஆப் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் மகள் இப்போதும் கல்யாணம் காட்சி என்றால் பவுடர் போட்டுக்கொள்கிறாள், அதில் ஒரு தப்பும் இல்லை. நானும் கம்பெனியில் வெள்ளி வட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அது என் வேலை. ஆனால் தினமும் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கிறேன். "பஸ்ஸு போய்டும் பா, வுடு" என்று கத்துவாள். பாசம் இருந்தாலே போதும், பெற்ற பிள்ளையைச் சரியாகப் பார்த்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கை போய்விட்டது, மறுபடியும் தப்பாகப் பார்த்துவிடுவேனோ என்று அதற்குப் பதிலாக வந்த சின்ன பயம்தான் இன்றைக்கும் என்னை அவள் முகத்தை நின்று பார்க்க வைக்கிறது.